டர்பனில் ராத்திரி லிஃப்ட் கேட்டால் என்ன செய்வது?

தம்பி, கல்யாண மண்டபத்து வாசலில் முன்பின் தெரியாத மூன்று பேர் லிஃப்ட் கேட்டதாகவும், ஏற்றவும் முடியாமல் விட்டுவரவும் மனமில்லாமல் நின்றதாகவும் எழுதியிருந்தீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ராத்திரி நேரம் மினிபஸ் டாக்ஸி, அதாவது பலர் சேர்ந்து போகிற வேன், கிடைப்பது கஷ்டம். கார் இல்லாதவர் பாடு உண்மையிலேயே திண்டாட்டம்தான். அதனால் யாரையும் ஏற்றாதே என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவர் கோவெண்டர் என்றோ பிள்ளை என்றோ பெயர் சொன்னால் போதும், 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளின் வழி என்று நமக்கு மனசு இளகிவிடும். அதையே இந்த மண்ணின் ஜூலு இனத்து இளைஞர் ஒருவர் கேட்டால் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். இரண்டுமே தப்பு. குடித்திருக்கிறார்களா, எத்தனை பேர், இறங்கும் இடத்தை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தொல்லை கொடுத்தவர்கள் நம்ம ஆட்கள்தான். சாட்ஸ்வொர்த்தில் ஒரு விசேஷம் முடிந்து வரும்போது ஃபீனிக்ஸ் போகவேண்டும் என்று ஏறினார்கள். என்2 நெடுஞ்சாலையைப் பிடித்ததும் ஃபீனிக்ஸ் இல்லை, வெருலம் என்றார் ஒருவர். அப்புறம் நியூலண்ட்ஸில் ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தவேண்டுமாம். முன்சீட்டில் இருந்தவர் ஹேண்ட்பிரேக் மேல் கையை வைத்துக்கொண்டு, "என்ன மை லானி, பயமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். லானி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் முதலாளி. பின்னால் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

நான் வாக்குவாதம் பண்ணவில்லை. பெட்ரோல் போடணும் என்று சொல்லி அடுத்த வெளிவழியில் இறங்கி, விளக்கு எரிகிற ஒரு கராஜுக்குள் வண்டியை விட்டேன். பெட்ரோல் பங்கைத்தான் இங்கே கராஜ் என்பார்கள். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் கராஜ்கள் நிறைய உண்டு. பெட்ரோல் போட ஆள் இருப்பார், கடை இருக்கும், கேமரா இருக்கும். சாவியோடு இறங்கிப்போய் ஊழியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வந்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இன்னொரு ஊழியரும் வந்து நின்றார். என் பணத்திலேயே அவர்களுக்கு மொபைல் ஆப்பில் வாடகை வண்டி போட்டுக் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் இறங்கினார்கள், ஆனால் இறங்கினார்கள்.

ஆகவே ஏற்றுவதென்றால், கொண்டுபோய் வாசலில் விடுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இன்ன கராஜ் வரைக்கும் விடுகிறேன் என்று ஏறும் முன்பே சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாதவரை ஏற்றவேண்டாம். இருவருக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒருவர் என்றால் முன்சீட்டில் உட்காரட்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரையும் உட்காரவைக்காதீர்கள். கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள், அதை அவர்கள் காதில் விழும்படி சொல்லியும் விடுங்கள்.

மனைவியோ குழந்தையோ காரில் இருந்தால் பேச்சே இல்லை, ஏற்றக்கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் கை காட்டினாலும் நிறுத்தாதீர்கள். அவசரம் இல்லாமல் அங்கே நிறுத்துவதே சட்டப்படி குற்றம். யாராவது அடிபட்டுக் கிடப்பதாகத் தெரிந்தால் கொஞ்சம் தள்ளிப்போய், வெளிச்சமான இடத்திலிருந்து கூப்பிடுங்கள்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, மொபைலில் இருந்து எதற்கும் 112. அதுவும் உதவிதான், மனசு உறுத்த வேண்டாம்.

பெட்ரோலுக்கு என்று ஐம்பது ரேண்ட் நீட்டுவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றினால் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். டாக்ஸிக்காரர்கள் கண்ணில் பட்டால் அது வேறு தகராறு.

உங்கள் காம்ப்ளெக்ஸ் காவலாளியும் லிஃப்ட் கேட்கிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவர் தினமும் பார்க்கிற மனிதர், வீடும் நீங்கள் போகிற வழியில்தான் இருக்கிறது. அவரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.