8 ஜிபி ரேம் போட்டும் 4 ஜிபிதான் எடுக்கு, உதவி பண்ணுங்க

மார்த்தாண்டத்துல டிடிபி கடை வச்சிருக்கேன், சிஸ்டம் எச்61 மதர்போர்டு, ஐ3 3220 பிராசஸர், டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ரெண்டு, விண்டோஸ் 10 64 பிட். போன வாரம் பிராசஸர் ஃபேன கழட்டி தூசி தட்டி மாட்டுனதுல இருந்து பயாஸ்ல (விண்டோஸ் வாறதுக்கு முன்ன வர்ற போர்டு செட்டிங்ஸ்) 8 ஜிபி காட்டுது ஆனா விண்டோஸ்ல யூசபிள் 3.9 தான், மிச்சம் ஹார்டுவேர் ரிசர்வ்டுன்னு, விண்டோஸ் எடுக்க முடியாம ஒதுங்கி கெடக்கு.

விண்டோஸ் பூட் செட்டிங்கான எம்எஸ்கான்ஃபிக்ல மேக்ஸிமம் மெமரி டிக் எடுத்தாச்சு, சிமாஸ் ரீசெட் (பயாஸ் செட்டிங்க பழையபடி ஆக்குறது), ரேம அழிரப்பர் வச்சு தொடச்சதுன்னு எல்லாம் பாத்தாச்சு. ஒத்த ரேம முதல் ஸ்லாட்டுல போட்டா எது போட்டாலும் ஓடுது, ரெண்டாவதுல மட்டும் போட்டா டிஸ்ப்ளேயே வரல்ல, அப்போ ரேம்ல கொழப்பம் இல்லன்னுதான் தோணுது. நாகர்கோவில்ல காட்டுனா பாக்காமலே போர்ட மாத்தணும்ங்கான், இந்த பழைய போர்டுக்கு இனி எங்க போவ?

பிராசஸர் சாக்கெட்ல பின் வளஞ்சிருந்தா இப்பிடி வருமா, ஆருக்காவது அனுபவம் உண்டா?