அக்ரிலிக்கா, ஜெல்லா, பிரஸ்-ஆனா? மெல்லிசு நகத்துக்கு எது தாங்கும்?

சுபா_டைப்பிங்:
எனக்கு நகம் விரல் நுனிய தாண்டினாலே போதும், லேயர் லேயரா பிரிஞ்சு துணில எல்லாம் மாட்டும். நாள் முழுக்க கீபோர்டு வேலை வேற. ஒரு தடவையாவது நீளமா வெச்சுப் பாக்கணும்னு ஆசை, ஆனா கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எந்த செயற்கை நகம் வெச்சா, இருக்குற சொந்த நகமாவது மிஞ்சும்?

பவுடர்_பிரஷ்:
பத்து வருஷமா இதான் என் வேலை. நீளம் வேணும்னா அக்ரிலிக் தான்மா. லிக்விட்ல பிரஷ்ஷ முக்கி பவுடர்ல தொட்டா ஒரு மணி மாதிரி உருண்டு வரும், அத நகத்துல வெச்சு தட்டித் தட்டி ஷேப் பண்ணணும், லேம்ப்பே வேணாம், காத்துலயே இறுகிடும். ஒண்ணு உடைஞ்சா அத மட்டும் சரி பண்ணிக்கலாம், வேணாம்னா அசிட்டோன்ல ஊற வெச்சு எடுத்துடலாம். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை, நகம் வளந்து அடியில விழுற இடைவெளிய ஃபில் பண்ணணும், அவ்ளோ தான்.

லேம்ப்_லதா:
அவ்ளோ தானா? அந்த வாடைய ஏன் சொல்லல :) சுபா, உங்க நகம் மெல்லிசு, லேசா அமுக்கினாலே வளையும். அது மேல வளையாத பொருள வெச்சா என்னாகும், ஓரத்துல தூக்கும், உள்ள தண்ணி போகும், கொஞ்ச நாள்ல பச்சையா ஒரு திட்டு வரும், பாக்டீரியா. பில்டர் ஜெல், அதான் லேம்ப் வெளிச்சத்துல இறுக வெக்கிற ஜெல், நகத்தோட சேந்து கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். நானும் இதே தொழில் தான், அக்ரிலிக்க விட்டு ரொம்ப நாளாச்சு.

பவுடர்_பிரஷ்:
தூக்குறது முன்னாடியே நகத்த ஒழுங்கா சுத்தம் பண்ணி ப்ரெப் பண்ணாததால தோழி, ஜெல்லும் தான் தூக்கும். வாடை எல்லா அக்ரிலிக்லயும் இருக்கும், ஆனா மூக்க துளைக்கிற அளவுக்கு வந்தா, அரை மணி நேரம் அசிட்டோன்ல ஊறியும் அசையலன்னா அந்த லிக்விட் எம்எம்ஏ-ங்கற கெமிக்கலா இருக்கலாம், எழுந்து வந்துடுங்க. நல்ல எடத்துல அதுக்கு பதிலா இஎம்ஏ-ங்கற லிக்விட் தான் யூஸ் பண்ணுவாங்க. எம்எம்ஏ பாறை மாதிரி, எங்கயாவது இடிச்சா அது உடையாது, கீழ இருக்குற உங்க நகத்த பேத்துக்கிட்டு வரும். அமெரிக்காவுல மருந்து, அழகுப் பொருள் எல்லாம் கண்காணிக்கிற எஃப்டிஏ 1970-கள்லயே அது மேல நடவடிக்கை எடுத்தாச்சு. அப்புறம் லதா, ஹார்ட் ஜெல் அசிட்டோன்ல கரையவே கரையாதுங்கறத நீங்க ஏன் சொல்லல? ஃபைல் பண்ணித் தான் எடுக்கணும், மெஷின் வெச்சிருக்கவங்க கை கொஞ்சம் அழுத்துச்சுன்னா உங்க நகத்துல செவப்பா கோடு விழுந்துரும்.

லேம்ப்_லதா:
நான் சொன்னது கரையுற டைப். பில்டர்ல ரெண்டு வகையும் இருக்கு, வெக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

அரிப்பு_அனுபவசாலி:
ரெண்டு பேரும் அலர்ஜிய பத்தி வாயே தெறக்கல. நான் வீட்லயே செய்யலாம்னு ஆன்லைன்ல ஒரு ஜெல் கிட் வாங்கினேன், ஓரத்துல தோல் மேல பட்டா பட்டுட்டு போகுதுன்னு விட்டேன், லேம்ப் வேற குட்டியா ஒண்ணு. மூணாவது மாசம் விரல் நுனி எல்லாம் அரிச்சு, கொப்புளம் வந்து, தோல் உரிஞ்சு, போன்ல கைரேகை கூட எடுக்கல. தோல்ல ஒட்டிப் பாக்குற பேட்ச் டெஸ்ட்ல, ஜெல்ல இருக்குற ஹெமாங்கற கெமிக்கலுக்கு அலர்ஜின்னு வந்துச்சு. முழுசா இறுகாத ஜெல் தோல்ல திரும்பத் திரும்ப பட்டா வர்றது, வந்தா போகாது. இப்ப பல் டாக்டர்கிட்ட போனா முதல்ல இதத் தான் சொல்றேன், ஏன்னா பல் அடைக்கிறதும் இதே குடும்பத்து பொருள் தான். ஐரோப்பிய யூனியன்ல ஹெமா இருந்தா தொழில்முறை ஆளுங்களுக்கு மட்டும்னு லேபிள்ல போடணும், ஜெல்ல லேம்ப்ல இறுக வெக்கிற டிபிஓ-ன்னு இன்னொரு கெமிக்கல 2025 செப்டம்பர் 1-லேர்ந்து தடையே பண்ணிட்டாங்க.

பவுடர்_பிரஷ்:
இத நான் ஒத்துக்குறேன். தோல்ல பட்டா லேம்ப்ல வெக்கிறதுக்கு முன்னாடி தொடைச்சே ஆகணும். அக்ரிலிக் லிக்விடுக்கும் இதே கதை தான், அதையும் மறைக்கல.

ஒட்டு_ராணி:
அதுக்குத் தான் பிரஸ்-ஆன், ரெடிமேடா வர்ற நகம். டேப் வெச்சு ஒட்டு, வெதுவெதுப்பான சோப்பு தண்ணியும் எண்ணெயும் விட்டா வந்துரும். நடுவுல நகமும் மூச்சு விட்டுக்கும்.

லேம்ப்_லதா:
நகம் மூச்சு விடாதுங்க :) வெளிய தெரியுறது செத்த செல்லு, அதுக்கு வேண்டியது எல்லாம் அடியில ரத்தத்துலேர்ந்து வருது. கழட்டிட்டு சும்மா விட்டா கெட்டுப்போன பகுதி வளந்து வெளிய போகும், அவ்ளோ தான். மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், முழுசா மாற ஆறு மாசம் பிடிக்கும்.

ஒட்டு_ராணி:
சரி டீச்சர். ஆனா என்னுது நைட்டு கழட்டி டப்பாவுல வெச்சுடலாம், உங்களுது முடியுமா?

ராத்திரி_ஷிப்ட்:
நர்ஸா இருக்கேன், எனக்கு இதுல எதுவுமே கிடையாது. நோயாளிய தொடுறவங்க செயற்கை நகம் வெக்கக் கூடாதுன்னு உலக சுகாதார அமைப்போட 2009 கை சுத்த வழிகாட்டுதல்லயே இருக்கு, அடியில கிருமி தங்கும். ராணி, பிரஸ்-ஆனுக்கு பசை யூஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு, அந்த பசை சிந்தினா பஞ்சு வெச்சு தொடைக்காதீங்க, பஞ்சுல பட்டா திடீர்னு சூடாகி தோல் வெந்துரும்.

சுபா_டைப்பிங்:
அப்ப டிப் பவுடர்?

பவுடர்_பிரஷ்:
அதுவும் அந்த பசை குடும்பம் தான், மேல பவுடர், அப்புறம் இறுக்க ஒரு ஆக்டிவேட்டர். லேம்ப் வேணாம், ஆனா நீளம் கூட்ட சரிப்படாது, உள்ள நகத்துக்கு கவசம் மாதிரி. எல்லாரும் முக்கின டப்பாவுலயே உங்க விரலையும் முக்க விடாதீங்க, பவுடர கரண்டியால மேல தூவச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் போரடிக்குதுன்னு பிச்சு எடுக்காதீங்க, என்கிட்ட அழுதுட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு பிச்சு எடுத்தவங்க தான்.

லேம்ப்_லதா:
அதுல மட்டும் அக்கா சொல்றது கரெக்ட்.

சுபா_டைப்பிங்:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். ராணி பேச்ச கேட்டு டேப் வெச்சு பிரஸ்-ஆன் ஒட்டினேன், குட்டி சைஸ் தான். காலைல ஒரு மெயில் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள வலது கை ஆள்காட்டி விரல் நகம் எண்டர் பட்டன் பக்கத்துல கெடந்துச்சு, பக்கத்து சீட்டு ஆள் அத கரப்பான்னு நெனச்சு எழுந்தே நின்னுட்டாரு.

ஒட்டு_ராணி:
ஒட்டுறதுக்கு முன்னாடி கை கழுவினியா, க்ரீம் போட்டியா?

சுபா_டைப்பிங்:
க்ரீம் போட்டேன்.

ஒட்டு_ராணி:
ம்ம்.