நடத்திய வாரம் தெரிகிறது, அரையாண்டில் மறந்துபோகிறது: 10ஆம் வகுப்பு கணக்குக்கு என்ன செய்யலாம்?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. 10ஆம் வகுப்பு, 42 பிள்ளைகள், தினம் ஒரு 45 நிமிடப் பாடவேளை. அளவியல் முடித்த மறுநாள் சிலிப் டெஸ்ட் வைத்தால் பாதிக்கு மேல் நல்ல மார்க். அதையே சில வாரம் கழித்து அரையாண்டில் கேட்டால் கூம்புக்கு உருளையின் சூத்திரம், சாயுயரம் வேண்டிய இடத்தில் உயரம். திரும்ப நடத்தினால் "தெரியும் சார்" என்று தலையாட்டுகிறார்கள்.

கற்றல் அறிவியல் என்று பயிற்சி வகுப்புகளில் நிறையப் பேசுகிறார்கள். எனக்கு வேண்டியது நாளைக் காலை வகுப்பில் செய்யக்கூடியது. போர்ஷன் முடிக்கவும் வேண்டும், 42 நோட்டைத் தினம் திருத்தவும் முடியாது. நவம்பரில் மழை லீவு வேறு. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

சார், "தெரியும்" என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. சூத்திரத்தைப் பலகையில் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது. வெற்றுத்தாளில் அதைத் தானாக வரவழைப்பது வேறு வேலை. எதிரே வருகிறவரின் முகம் பழகியதாக இருக்கும், பெயர் மட்டும் வாயில் வராது, அந்த மாதிரி. நாம் திரும்ப நடத்தும்போது முகத்தைத்தான் பழக்குகிறோம், பெயரை வரவழைக்கப் பழக்குவதில்லை.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு ஒரு பத்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 83 விழுக்காடு, எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. உங்கள் மறுநாள் சிலிப் டெஸ்ட் அந்த 5 நிமிடக் கணக்கைத்தான் காட்டுகிறது.

நாளைக்குச் செய்ய வேண்டியது இதுதான். வகுப்புக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவுக்கு முன்னாலேயே பலகையில் 4 கேள்வி. ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம், ஒன்று 9ஆம் வகுப்பிலிருந்து. ஒவ்வொன்றும் ஓரிரு வரியில் முடியணும். நோட்டு, புத்தகம் மூடி. 4 நிமிடம் ரஃப் நோட்டில் எழுதட்டும், நீங்கள் அதற்குள் வருகையைப் போட்டுவிடலாம். அடுத்த 3 நிமிடத்தில் விடையைப் பலகையில் எழுதுங்கள், அவரவரே சிவப்புப் பேனாவால் திருத்தட்டும். நோட்டை நீங்கள் தொடவே வேண்டாம். "மூன்றாவது கேள்வி யாருக்கெல்லாம் தப்பு?" என்று கை தூக்கச் சொல்லுங்கள். 14 கைக்கு மேல் தூக்கினால், அதாவது மூன்றில் ஒரு பங்கு, அதை அப்போதே இரண்டு வரியில் விளக்கி, மூன்று நாள் கழித்து அதே கேள்வியை எண்களை மாற்றித் திரும்பப் போடுங்கள்.

இது கெட்டுப்போகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது கோரஸ். வாயால் கேட்டால் முன்பெஞ்சில் ஆறு பேர் சொல்வார்கள், மீதி 36 பேர் வாயசைப்பார்கள். அந்த 36 பேர் எதையும் நினைவிலிருந்து எடுக்கவில்லை. அதனால் எழுத்தில்தான் இருக்கணும்.

இரண்டாவது மார்க். இதை மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றினால் மறுநாளே பக்கத்து நோட்டைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பார்த்து எழுதினதால் நினைவுக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது, கேள்வி அளவுக்கு மீறிக் கடினமாக இருப்பது. ஒன்றும் வராமல் வெற்றாக விட்டால் பயிற்சியே நடக்கவில்லை. அப்போது சூத்திரத்தின் முதல் எழுத்தையோ ஒரு படத்தையோ குறிப்பாகக் கொடுங்கள். நான்கில் மூன்று கேள்வியாவது பெரும்பாலோருக்கு வருகிற மாதிரி கேள்வியை அமைப்பது நல்லது.

சரியான விடையை அந்தப் பாடவேளையிலேயே சொல்லிவிட வேண்டும், நாளைக்குத் தள்ளக்கூடாது. அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி உறுதியாகத் தப்பு எழுதின பிள்ளைக்கு உடனே திருத்தம் கிடைத்தால் அது மனசில் நன்றாக நிற்கும் என்று 2001இலேயே ஆய்வு வந்திருக்கிறது.

நெற்களம்

கரும்பலகை சார் சொன்னதோடு இன்னொன்று சேர்க்கணும். உங்க பிள்ளைகளுக்குச் சூத்திரம் மறந்தது ஒரு பாதி. எந்தச் சூத்திரம்னு தேர்ந்தெடுக்கத் தெரியாதது மறுபாதி. பாடப்புத்தகத்துல ஒரு பயிற்சி முழுக்கப் புறப்பரப்பு, அடுத்தது முழுக்கக் கன அளவு. பயிற்சித் தலைப்பைப் பார்த்தாலே விடைவழி தெரிஞ்சுடுது, கணக்கைப் படிக்கவே தேவையில்லை. பரீட்சையில தலைப்பு இருக்காது.

ரோரர், டெய்லர்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 2007இல் செஞ்ச சோதனை அப்படியே உங்க பாடம்தான்: திண்ம உருவங்களின் கன அளவு. ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டவங்க பயிற்சியில 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு முதல் பிரிவு 20, கலந்து போட்டவங்க 63.

கலக்கிறதுன்னா தனியா கணக்கு தேட வேண்டாம். ஒரே பொருளை வச்சு நாலு விதமாக் கேளுங்க. கொள்முதல் நிலையத்துல நெல் குவிச்சுக் கிடக்கறதை நம்ம பிள்ளைங்க தினம் பார்க்குது:

களத்தில் கூம்பு வடிவில் நெல் குவிக்கப்பட்டுள்ளது. அடி விட்டம் 5.6 மீ, உயரம் 2.1 மீ. (π = 22/7)
குவியலைச் சரியாக மூடத் தார்ப்பாய் எத்தனை சதுர மீட்டர்?
எத்தனை கன மீட்டர் நெல்?
அடியைச் சுற்றி ஒருமுறை கயிறு போட எத்தனை மீட்டர்?
தரையில் அது அடைக்கும் இடம் எவ்வளவு?

ஆரம் 2.8, சாயுயரம் சரியா 3.5 வரும். விடைகள் வரிசையா 30.8 ச.மீ, 17.248 க.மீ, 17.6 மீ, 24.64 ச.மீ. "வளைபரப்பு"ங்கிற வார்த்தையைக் கேள்வியில எழுதிடாதீங்க. அந்த ஒரு வார்த்தை விழுந்தா பிள்ளை யோசிக்கிற வேலை போயிடும்.

42 பேரையும் ஒரே நேரத்துல பார்க்கிறதுக்கு ஒரு வழி: தார்ப்பாய்க் கேள்விக்கு நாலு விடை கொடுங்க, ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு குறிப்பிட்ட தப்புல இருந்து பிறந்ததா இருக்கட்டும். 1) 18.48  2) 30.8  3) 55.44  4) 61.6. மூணு எண்ணினதும் எல்லாரும் விரலை நெஞ்சோட ஒட்டிக் காட்டணும், தலைக்கு மேல தூக்கினா பக்கத்துல பார்த்து மாத்திடுவாங்க. ஒரு விரல் காட்டினவங்க சாயுயரத்துக்குப் பதிலா உயரத்தைப் போட்டிருக்காங்க. மூணு விரல்னா மொத்தப் புறப்பரப்பு, அதாவது நெல்லுக்கு அடியிலயும் தார்ப்பாய் விரிச்சுட்டாங்க. நாலு விரல்னா சாயுயரம் சரி, ஆனா πrl-ல ஆரத்துக்குப் பதிலா விட்டம். எந்தத் தப்பைத் திருத்தணும்னு பத்து விநாடியில கையில வந்துடும்.

அரும்பு மொட்டு

இருவர் சொன்னதும் சரி. ஆனால் வரிசை மாறினால் பிள்ளைகள் நொந்துபோவார்கள். உள்ளே போகாததை வெளியே எடுக்க முடியாது. முதல்முறை கூம்பைப் பார்க்கிற பிள்ளையிடம் கலந்த கணக்கைக் கொடுத்தால், ஆரத்தைத் தேடுவதா, சூத்திரத்தைத் தேடுவதா, வகுத்தலைச் செய்வதா என்று ஒரே நேரத்தில் எல்லாம் மோதும். ஒரு சமயத்தில் மனசில் வைத்துக் கையாளக்கூடிய புதிய விஷயங்கள் நான்கைந்துதான்.

ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் இயற்கணிதத்தில் காட்டியது: ஆரம்பத்தில் தீர்த்த கணக்கைப் படிப்பது, தானே முட்டிமோதுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. இரண்டு கணக்கை முழுதாகத் தீர்த்துக் காட்டுங்கள். மூன்றாவதில் கடைசிப் படியை மட்டும் வெற்றாக விடுங்கள். நான்காவதில் கடைசி இரண்டு. ஐந்தாவதில் படமும் கொடுத்த எண்களும் மட்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன் 3.5, ஏன் 2.1 இல்லை?" என்று பிள்ளை ஒரு வரி எழுத வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் பயிற்சியாகிவிடும். ஆறாவது கணக்கிலிருந்து நெற்களம் சொன்ன கலவைக்குப் போகலாம். நன்றாக வருகிற பிள்ளைகளை அதற்குமேலும் தீர்த்த கணக்கிலேயே உட்கார வைத்தால் அவர்களுக்குத் தடைதான், சீக்கிரம் விட்டுவிடுங்கள்.

படத்தில் r, h, l எழுத்துகளை அந்தந்தக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். பலகையின் ஒரு மூலையில் படம், இன்னொரு மூலையில் "r = ஆரம், l = சாயுயரம்" என்று பட்டியல் போட்டால், கண் அங்கும் இங்கும் அலைவதிலேயே கவனம் செலவாகிறது.

காட்சி வழி, கேட்டல் வழி, செய்முறை வழி என்று பிள்ளைகளைப் பிரித்துத் தனித்தனியாக நடத்தச் சொல்வார்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008லேயே விரிவான மதிப்பாய்வு வந்தாயிற்று. அந்த நேரத்தை இதில் போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எந்தக் கேள்வியை எப்போது திரும்பக் கேட்பது என்று எப்படி நினைவு வைப்பது? கலந்து கொடுத்தால் மார்க் குறையும் என்கிறீர்கள், பிள்ளைகள் மனம் விட்டுவிட மாட்டார்களா?

கடைமடை

முதல் சந்தேகத்துக்கு மூன்று உறை போதும் தம்பி. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, பின்புறம் விடையும் கேட்ட தேதியும். உறைகளின் பெயர்: "3 நாள்", "10 நாள்", "3 வாரம்". புதுக் கேள்வி முதல் உறையில். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு, உங்கள் வகுப்பில் 28 பேருக்கு, சரியாக வந்தால் அடுத்த உறைக்கு. வராவிட்டால் திரும்ப முதல் உறைக்கு. தினம் காலை நான்கு அட்டை எடுத்தால் கரும்பலகை சொன்ன நாலு கேள்வி தயார். ஒரு பாடத்துக்கு 8 முதல் 10 அட்டைக்கு மேல் வேண்டாம், மேலே போனால் உறை தேங்கிவிடும்.

இடைவெளிக்கும் கணக்கு உண்டு. செபேடா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் 1,350 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். 5 வாரம் கழித்து நினைவிருக்க வேண்டுமென்றால் சுமார் 11 நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நல்லது, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என்றால் சுமார் 3 வாரம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கிற சமயம் நடத்திய பாடம் பங்குனியில் பொதுத்தேர்வுக்கு வேண்டும் என்றால், மூன்று வார உறையை விடவே கூடாது.

மழை லீவு இந்த முறைக்குப் பகை இல்லை. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல நாலைந்து நாள் போகும். அது தானாகக் கிடைத்த இடைவெளி. அதைக் கெடுப்பது இரண்டு காரியம். லீவில் பத்துத் தடவை எழுதிவர இம்போசிஷன் கொடுப்பது ஒன்று, பார்த்து எழுதுவதில் நினைவு வேலை செய்யாது. பள்ளி திறந்த முதல் நாளே விட்ட போர்ஷனைப் பிடிக்க ஓடுவது இன்னொன்று. அன்று மட்டும் 7 நிமிடத்தை 15 ஆக்கி, லீவுக்கு முந்தின வாரத்து அட்டைகள் எட்டை எடுங்கள். வானிலை அறிவிப்பு வந்த நாளில் புதிய பாடம் ஆரம்பிக்காமல், நடத்தியதைத் தீர்த்த கணக்கோடு முடித்து வையுங்கள். பாதியில் நிற்கிற பாடம் அரைகுறையாகவே மறக்கும்.

நேரம் எங்கே என்று கேட்டால், தினம் 7 நிமிடம், மாதம் 22 நாள், ஏறக்குறைய மூன்றரைப் பாடவேளை. ஜனவரிக்குப் பிறகு ரிவிஷன் என்று மறுபடி நடத்துகிற நாட்களில் இருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

நெற்களம்

மார்க் குறையிறதைப் பத்தி: பிள்ளைங்க கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. அந்த 89, 60, 20, 63 நாலு எண்ணையும் பலகையில எழுதிக் காட்டுங்க, 10ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நல்லாப் புரியும். ஆளுக்கு ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்துல, ஒரே அட்டைக் கேள்வி முதல் தடவை சரியா தப்பா, மூணு வாரம் கழிச்சு சரியா தப்பான்னு ரெண்டு கட்டம் போட்டுக்கட்டும். அந்த ரெண்டாவது கட்டம் நிரம்ப ஆரம்பிச்சதும் தனியா ஊக்கம் கொடுக்க வேண்டியிருக்காது. முதல் ரெண்டு வாரம் நாலு கேள்வியில ஒண்ணு நிச்சயமா எல்லாருக்கும் வர்றதா வச்சுக்கங்க. தலைமையாசிரியர் மார்க் பட்டியல் கேட்டா யூனிட் டெஸ்டை மட்டும் காட்டுங்க, காலைக் கேள்வி பயிற்சி, பரீட்சை இல்ல.