நோவா ஸ்கோசியா 14ஆவது மாநிலமாகியிருந்தால்?

அஸ்தம்பட்டி வாசகர்:
சேலத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் பேசியபோது எழுந்த ஐயம் இது. 1775இல் நோவா ஸ்கோசியாவின் (இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள மாகாணம்) குடிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நியூ இங்கிலாந்திலிருந்து (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குக் குடியேற்றங்கள்) வந்து குடியேறியவர்கள்; கிளர்ந்தெழுந்தவர்களோ அவர்களுடைய உற்றார் உறவினர். அப்படியிருந்தும் அம்மாகாணம் பிரிட்டிஷ் மன்னர் பக்கமே நின்றது. கிளர்ந்தெழுந்த 13 குடியேற்றங்களோடு அதுவும் புரட்சியில் சேர்ந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

சங்ககிரியான்:
மன்னர்மீது பற்று மிகுந்து அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. அம்மாகாணத்தின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை இருந்தது. படைக்காக அரசு செய்த செலவில்தான் அந்நகரத்து வணிகர்கள் பிழைத்தார்கள். மற்ற ஊர்களோ கடலோரமாகச் சிதறிக் கிடந்தன. 1776 நவம்பரில் புரட்சியின் பக்கம் நின்ற ஜொனாதன் எடி ஒரு சிறு படையுடன் அங்கிருந்த கம்பர்லாந்து கோட்டையை முற்றுகையிட்டார். கப்பலில் பிரிட்டிஷ் துணைப்படை வந்திறங்கியதும் எல்லாம் முடிந்தது. போதாக்குறைக்கு, நியூ இங்கிலாந்தின் தனியார் போர்க்கப்பல்கள் (நம் ஊர்ப் பெயரையே கொண்ட மாசசூசெட்ஸ் சேலம் அவற்றுக்குப் பேர்போன துறைமுகம்) இக்கரையோர ஊர்களைக் கொள்ளையடித்து, நடுநிலையில் இருந்தவர்களையும் பகைத்துக்கொண்டன. ஆகவே, கடற்படையை அங்கிருந்து அகற்றாமல் இந்தக் கற்பனையைத் தொடங்கவே முடியாது.

ஏற்காட்டு மலைவாசி:
அகற்றியே பார்ப்போம். 1776 மார்ச்சில் பாஸ்டனைக் கைவிட்ட பிரிட்டிஷ் தளபதி ஹவ், ஹாலிபாக்ஸில் தங்கிப் படையைச் சீர்செய்துகொண்டுதான் நியூயார்க்கைத் தாக்கச் சென்றார். அத்துறைமுகம் இல்லையென்றால் அவர் அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பியிருக்க வேண்டியிருக்கும். நியூயார்க் அந்த ஆண்டே வீழ்ந்திருக்குமா என்பது ஐயமே. போருக்குப் பின் ஏறத்தாழ 30,000 மன்னர் ஆதரவாளர்கள் அடைக்கலம் புகுந்ததும் இம்மாகாணத்தில்தான். அவர்களுக்காகவே 1784இல் நியூ பிரன்சுவிக் பிரிக்கப்பட்டது. அதனால் இன்றைய கனடா உருவாகியிருக்குமா என்பதே என் கேள்வி.

அஸ்தம்பட்டி வாசகர்:
நன்றி. போர் 1777க்குள் முடிந்திருந்தால், 1778இல் பிரான்சு அதில் நுழைந்திருக்காது அல்லவா? அந்தப் போரை முன்னிட்டுத்தான் ஆங்கிலேயர் 1779இல் மலபார் கரையில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாகியைக் கைப்பற்றினர். மறு ஆண்டு ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது (ஆர்க்காட்டு நவாபின் நாடு; இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) படையெடுத்ததற்கு அது முக்கியக் காரணம். சேலம் அப்போது அவர் ஆட்சியில் இருந்தது.

சங்ககிரியான்:
அந்தப் படையெடுப்பு தள்ளிப்போயிருக்கலாம், நின்றிருக்காது. கும்பினியோடு (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) செய்த 1769 உடன்படிக்கையின்படி, மராத்தியர் தாக்கியபோது அது தமக்கு உதவ வரவில்லை என்ற சினம் ஹைதருக்கு மாகிக்கு முன்பே இருந்தது.