புதுப்பிப்பு: குன்னூர் நாடகத்தின் இரண்டாம் காட்சி

தேர்தலில் நிற்கும் கணவன், அவனுக்காக ஊர் ஊராக ஓட்டுக் கேட்கும் மனைவி. எங்கள் நாடகத்தில் இரண்டாம் காட்சி சவசவ என்று இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வேட்புமனுவோடு தரும் படிவம் 26-ஐப் பாருங்கள் என்றார் ஒருவர். அதில் மனைவியின் சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். போதாதா! கணவனுக்குத் தெரியாமல் அவள் வாங்கிய நகைக்கடன் அங்கேதான் வெளியே வருகிறது. வாசலில் ஜீப் மைக் அலறுகிறது, உள்ளே இருவரும் கிசுகிசுத்துச் சண்டை போடுகிறார்கள்.

சனிக்கிழமை ஒத்திகையில் தகரக் கூரை மேல் மழை கொட்டி, பாதி வசனம் கேட்கவே இல்லை. ஆனாலும் முன்வரிசைப் பாட்டி, "நகையை எப்பம்மா மீட்பே?" என்று கேட்டுவிட்டார்.

அப்புறம், கடைசிக் காட்சி: பிரச்சாரம் ஓய்ந்த அந்த 48 மணி நேரம். அதை இன்னும் எழுதவில்லை.