விவாதம்: கடுமையான சூழல் அழிப்பைக் குற்றமாக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்ற வேண்டுமா?

மேலூர் ஒருபோகத்தான்:
மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024 நவம்பரில் முடிக்கப்பட்ட ஏலம், சட்டமன்றத் தீர்மானத்துக்கும் ஊர்மக்கள் மதுரை வரை நடந்த பேரணிக்கும் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது. அதில் தப்பித்தோம், கிரானைட்டில் தப்பவில்லை. 2012-இல் அன்றைய மதுரை ஆட்சியர் சகாயம் அனுப்பிய அறிக்கை, சட்டவிரோதக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. அது கல்லின் கணக்கு. வரத்துக்கால் மூடப்பட்டு, கண்மாயின் உள்வாயில் துளையிட்ட தடம் வரிவரியாகத் தெரியும் கழிவுக்கற்கள் மடையை மறைத்துக் குவிந்து கிடந்தால், அதற்கு யார் எத்தனை ஆண்டு சிறைக்குப் போவார் என்று எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. மலையையோ நீர்நிலையையோ காட்டையோ தெரிந்தே, மீட்க முடியாத அளவுக்கு அழிப்பதைத் தனிக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் வேண்டும் என்பது என் கருத்து.

வடக்குமாசி வக்கீல்:
ஐயா, தங்கள் ஆதங்கம் நியாயமானது; கேட்கும் மருந்துதான் பொருந்தவில்லை. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சட்டவிரோதமாகக் கல் வெட்டுவதற்கு ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அரசுக்குச் சொந்தமான மணலைத் திருடினால் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் திருட்டுப் பிரிவிலும் தனியே வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறிவிட்டது. இருக்கும் பிரிவுகளையே நடத்திக் காட்டாத அரசிடம் புதுப் பிரிவைக் கொடுத்து என்ன பயன்? மேலும், ‘கடுமையான’ என்பதற்கு எல்லை எது? வயலுக்கு வண்டல் அள்ளும் விவசாயியும் டிப்பர் ஓட்டுநரும் உள்ளே போவார்கள், குத்தகைதாரர் முன்ஜாமீனோடு வீட்டில் இருப்பார்.

ஒத்தக்கடை கல்தொழில்:
2012-க்குப் பிறகு குவாரிகள் மூடப்பட்டபோது முறையாக நடந்த பட்டறைகளுக்கும் கல் வரவில்லை, கூலிக்காரர்தான் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். சட்டம் வரும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மேலூர் ஒருபோகத்தான்:
அண்ணன் சொல்வது சரி. உரிமத்தின் எல்லைக்குள் நடக்கும் தொழிலை இந்தச் சட்டம் தொடக் கூடாது.

வக்கீல் ஐயா, தாங்கள் சொன்ன பிரிவுகள் கனிமத்தைக் காக்கின்றன, கண்மாயைக் காக்கவில்லை. கண்மாய்க்கு அரணாக இருந்த 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை வைத்தது. கோடிகளில் புரள்பவருக்கு அது தொழில் செலவு. பிரான்சு 2021-இல் இத்தகைய அழிப்புக்குப் பத்தாண்டு வரை சிறை வைத்தது. பெல்ஜியமும் 2024-இல் தன் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது. மத்தியச் சட்டத்தோடு மோதும் என்பீர்கள். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில்தான் உள்ளது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மத்தியச் சட்டத்தையே திருத்திக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றோம். 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஜல்லிக்கட்டு நடக்கும் அலங்காநல்லூருக்குக் கிடைத்த வழி, கிரானைட் வெட்டிய கீழவளவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வடக்குமாசி வக்கீல்:
தண்டத்தொகையைக் கட்டாவிட்டால் மூன்றாண்டு வரை சிறை என்பது அதே திருத்தத்தில் இருக்கிறது. ஆனாலும் அரண் தளர்ந்தது உண்மை. ஜல்லிக்கட்டு உவமைதான் இடிக்கிறது. அன்று மத்திய அரசுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. டங்ஸ்டனில் ஏலம் விட்டதே மத்திய அரசு. தன் ஏலத்தையே குற்றமாக்கக்கூடிய மசோதாவுக்கு அது எளிதில் ஒப்புதல் பெற்றுத் தராது.

இன்னொன்று. 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கையை உரிமைகள் உள்ள உயிராக அறிவித்தது. அந்த வழக்கு எதிலிருந்து எழுந்தது? மேகமலையில் வனப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்த வருவாய் அதிகாரி மீதான நடவடிக்கையிலிருந்து. இங்கே அழிவு அதிகாரியின் கையெழுத்தில்தான் தொடங்குகிறது. அந்த அதிகாரியைக் குற்றக் கூண்டில் நிறுத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. அதை நீக்கும் பிரிவு இல்லாத வரைவை நான் ஆதரிக்க மாட்டேன், அந்தப் பிரிவு இருந்தால் கோப்பு தில்லியில் உறங்கும்.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கனிமச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, அரசு அதிகாரம் அளித்தவர் எழுத்தில் புகார் கொடுத்தால் மட்டுமே அந்தச் சட்டக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். அப்படி அதிகாரம் அளிக்க மாநில அரசின் உத்தரவு போதும். சட்டமன்றமும் வேண்டாம், தில்லியும் வேண்டாம். கண்மாய்ப் பாசனச் சங்கத் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கேட்டு மனு எழுதுங்கள். முதல் மனுவை நானே கட்டணமின்றி வரைந்து தருகிறேன்.