கடைசி ஹைஃபனில் வெட்டினால் போதுமா?

கமிட்காரன்:
பைத்தான் பேக்கேஜ் ஃபைலின் பெயரிலிருந்து பேக்கேஜ் பெயரையும் பதிப்பையும் பிரிக்கும் ஃபங்ஷனில் ஒரே ஒரு வரி மாற்றம். இதுவரை முதல் ஹைஃபனில் வெட்டினோம். படம்-கருவி-1.10.டார்.ஜிஇசட் வந்தால் பதிப்பு "கருவி-1.10" என்றாகி எரர் அடித்தது. இனி கடைசி ஹைஃபனில் வெட்டும். டெஸ்ட் எல்லாம் பாஸ். மெர்ஜ் செய்யலாமா?

வரிக்குவரி:
அவசரம் வேண்டாம். கருவி-1.0-1 என்று கொடுத்துப் பாருங்கள். பைத்தானில் பதிப்பு எண் எழுதும் விதியான பெப் 440 படி 1.0-1 செல்லுபடியாகும் பதிப்பு, 1.0.போஸ்ட்1 என்பதற்கு இன்னொரு எழுத்துமுறை. உங்கள் கணக்கில் பெயர் "கருவி-1.0", பதிப்பு "1". முன்பு முதல் ஹைஃபனில் வெட்டியதால் இது சரியாகவே பிரிந்தது. இனி சத்தமில்லாமல் தப்பான பதிப்பு உள்ளே போகும்.

கமிட்காரன்:
அப்படி யார் சார் எழுதுகிறார்கள்? சோர்ஸ் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விதியான பெப் 625 வந்தபிறகு சோர்ஸ் ஃபைல் பெயரில் மிஞ்சுவதே ஒரு ஹைஃபன்தான்.

வரிக்குவரி:
அது புது ஃபைலுக்கு. நீங்கள் காட்டிய படம்-கருவியே பழைய ஃபைல்தானே? இரண்டு ஹைஃபன் இருக்கிறது பாருங்கள்.

ரெஜெக்ஸ்ராணி:
ஹைஃபனுக்கு அப்புறம் எண் வரும் முதல் இடத்தில் வெட்டினால் முடிந்ததே?

வரிக்குவரி:
படம்-3டி-2.0 வந்தால்? 3-க்கு முன்னாலேயே வெட்டிவிடும்.

ரெஜெக்ஸ்ராணி:
சரி, வாபஸ் :)

பழையசர்வர்:
லினக்ஸின் ஆர்பிஎம் பேக்கேஜில் ஃபைல் பெயர் பெயர்-பதிப்பு-ரிலீஸ் என்று இருக்கும்; பதிப்பிலும் ரிலீஸிலும் ஹைஃபன் வரக்கூடாது என்று விதியே உண்டு. பின்னாலிருந்து இரண்டு வெட்டு, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இங்கே ஃபைல் பெயரை மட்டும் வைத்து அப்படிச் செய்ய முடியாது. நம் கோடில் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் பல இடங்களில் பேக்கேஜ் பெயர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதையும் அனுப்புங்கள். பைத்தான் பேக்கேஜை நிறுவும் பிப் அப்படித்தான் செய்கிறது: ஒவ்வொரு ஹைஃபனிலும் நின்று, இடப்பக்கம் இருப்பது தேடும் பெயர்தானா என்று பார்க்கிறது.

கமிட்காரன்:
ஃபோல்டரை ஸ்கேன் செய்யும் இடத்தில் பெயர் இல்லையே. வெட்டியபின் பதிப்பு செல்லுமா என்று சோதித்தால் போதாதா?

வரிக்குவரி:
"1" செல்லும் பதிப்புதானே, சோதனையில் தேறிவிடும்.

பழையசர்வர்:
ஒரு வெட்டை மட்டும் சோதித்தால் தேறும். எல்லா ஹைஃபனிலும் வெட்டி, வலப்பக்கம் இருப்பது செல்லும் பதிப்பா என்று பாருங்கள். படம்-கருவி-1.10-க்கும் படம்-3டி-2.0-க்கும் பொருந்துவது ஒரே வெட்டு. கருவி-1.0-1-க்கு இரண்டு பொருந்தும், அங்கே மட்டும் எரர்.

கமிட்காரன்:
ஒரு வரி ஃபிக்ஸ் இருபது வரியாகிறது. சரி, எழுதுகிறேன்.

வரிக்குவரி:
கருவி-1.0-1-க்கு டெஸ்டும் சேருங்கள். அதுவரை நான் அப்ரூவ் தரமாட்டேன்.